ஆற்றுப்படையும் அமெரிக்க நெடுஞ்சாலையும்: பயண எழுத்தில் விநோதம் பற்றிய ஒரு நோக்கு

தமிழில் எழுந்த பயண நூல்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவை எந்தெந்த நாடுகளைப் பற்றியன என்று வகுத்துக் காட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர். நாடு எது என்பதிலும் முக்கியமான வினா, பயணி எங்கு நின்று பார்க்கிறான் என்பதாகும். அமெரிக்காவைப் பற்றிய தமிழ் எழுத்துக்களை இவ்வினாவுடன் அணுகுமிடத்து ஒரு குறை உடனே புலனாகும். நியூயோர்க்கின் வானளாவிகளும் நயாகரா நீர்வீழ்ச்சியும் பல்கலைக்கழகங்களும் தொழிற்சாலைகளும் அவற்றில் உண்டு. இவற்றை இணைக்கும் சாலை பெரும்பாலும் இல்லை. அமெரிக்கரோ தம் நாட்டைச் சாலையில் வைத்தே புரிந்துகொள்ள முயன்றவர்கள். காரில் ஏறி, இறுக்கமான திட்டம் ஏதுமின்றி, வழியில் எதிர்ப்படும் கோணங்கித்தனங்களுக்கெல்லாம் நின்று நின்று செல்லும் நெடும்பயணம் அவர்களிடையே ஒரு சடங்கு போலாகித் தனக்கென ஓர் இலக்கியத்தையும் தோற்றுவித்துள்ளது. விநோத அனுபவமே அவ்விலக்கியத்தின் உயிர். அது தமிழ் எழுத்தில் ஏன் அருகிக் காணப்படுகிறது, காணப்படுமிடத்து எவ்வாறு பயன்படுகிறது என்பன ஆராயத்தக்கன. யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய் போன்ற ஓர் ஊரிலிருந்து நோக்கும்போது இவ்வாராய்ச்சிக்குத் தனியான ஒரு பொருத்தமும் உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்கப் பயணிகளின் கண்ணுக்குத் தானே விநோதப் பொருளாய் இருந்த வட்டாரத்தின் நடுவில் அமைந்த ஊர் அது.

முதலில் அமெரிக்கச் சாலையின் விநோதங்கள் எத்தன்மையன என்பதைக் காணல் வேண்டும். சிக்காகோவிலிருந்து பசுபிக் கரையிலுள்ள சாந்தா மொனிக்கா வரை சென்ற 66ஆம் இலக்க நெடுஞ்சாலை 1926இல் வகுக்கப்பட்டது. 1956இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் மாநிலங்களை இணைக்கும் அகன்ற விரைவுச் சாலைகள் தோன்றின. அவை சிற்றூர்களைத் தொடாமல் விலகி ஓடின. 66ஆம் சாலை 1985இல் அதிகாரபூர்வமான நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. ஓடும் காரை நிறுத்த வேண்டிய தேவை சாலையோர ஊர்களுக்கு எப்போதும் இருந்தது. கார்கள் விலகி ஓடத் தொடங்கியபின் அது உயிர்ப்பிரச்சினையாயிற்று. தென் டக்கோட்டாவில் வோல் என்னும் சிற்றூரில் 1931இல் ஒரு மருந்துக்கடையை வாங்கிய ஹஸ்டெட் குடும்பத்தினர், வாடிக்கையாளர் வாராமையால் வருந்தி, 1936இல் வழிநெடுகப் பலகைகளை நட்டு, இலவசமாக ஐஸ் தண்ணீர் தரப்படும் என்று அறிவித்தனர். தாகத்தால் நின்றவர்கள் பின்னர் வேடிக்கைக்காக நிற்கத் தொடங்கினர். கன்சாஸ் மாநிலத்துக் கோக்கர் நகரில் 1953இல் ஒரு விவசாயி வைக்கோற்கட்டுக்குப் பயன்படும் கயிற்றைச் சுற்றிச் சுற்றி ஓர் உருண்டை ஆக்கினார். இன்றும் ஊரவர் ஆண்டுதோறும் கூடி அதன்மீது கயிறு சுற்றுகின்றனர். வழிப்போக்கரும் தம் பங்குக்குச் சிறிது சுற்றிவிட்டுப் போகலாம். டெக்சஸ் மாநிலத்து அமரில்லோவுக்கு அருகில் 1974இல் பத்துக் கடிலக் கார்கள் முகம் மண்ணுட் புதையுமாறு வரிசையாக நடப்பட்டன. வருவோர் அவற்றின்மீது வர்ணம் பூசிச் செல்கின்றனர்.

இவற்றை அமெரிக்கரின் அசட்டுத்தனம் என்று சிரித்துக் கடந்துபோவது எளிது. ஆனால் ஐஸ் தண்ணீர்ப் பலகையைக் காணும் யாழ்ப்பாணத்தவனுக்குத் தண்ணீர்ப்பந்தல் நினைவுக்கு வருதல் வேண்டும். குடாநாட்டின் பழைய வீதிகளும் பயணியை நிறுத்துவதற்கான அமைப்புக்களால் நிறைந்திருந்தவையே. தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, மாடுகள் உடம்பை உரஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல், நீருக்குக் கேணி, இராத்தங்க மடம் என்பன வழிநெடுக இருந்தன. வீட்டு வாயிலில் வழிப்போக்கர் ஒதுங்கி இருப்பதற்கெனக் கூரையிட்ட சங்கடப்படலை இருந்தது. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடத்தில் வீதியே கட்டடத்தினூடாகப் புகுந்து செல்கிறது. அமெரிக்கப் பயணி ஒருவன் இதனைக் காண்பானாயின் தன் குறிப்பேட்டில் விநோதம் என்றே எழுதிக்கொள்வான். பிள்ளை வயிற்றிலிருக்க இறந்த பெண்ணின் நினைவாகவே சுமைதாங்கி பெரும்பாலும் நாட்டப்பட்டது என்பதை அவன் கேட்டறிந்தால் மட்டுமே அக்கல் வேறொரு பொருளைப் பெறும். ஆகவே விநோதம் என்பது பொருளில் உறையும் ஒரு குணம் அன்று. பார்ப்பவனுக்கும் பார்க்கப்படுவதற்கும் இடையே இன்னும் கேட்கப்படாதிருக்கும் கேள்வியின் பெயரே அது. இக்கேள்வியைக் கேட்கும் பயண எழுத்து இலக்கியமாகிறது. கேளாது விட்டது பொருட்காட்சிப் பட்டியலாக நின்றுவிடுகிறது.

அமெரிக்கரின் சாலை எழுத்திலேயே இவ்விருவகையும் உண்டு. ஜோன் ஸ்ரைன்பெக் 1960இல் தம் நாயுடன் ஒரு டிரக் வண்டியில் நாட்டைச் சுற்றிவந்து எழுதிய நூல் 1962இல் வெளிவந்தது. வண்டிக்கு டொன் கிகோட்டேயின் குதிரையின் பெயரையே சூட்டியிருந்தார். தம்மைக் கோமாளி வீரனாக முன்வைத்த அந்தப் பெயரிலேயே அவருடைய நிலை வெளிப்படுகிறது. நாயின் உடல்நலமும் முகாம்களிற் சந்தித்த விசித்திர மனிதரும் நூலின் பெரும்பகுதியை நிரப்புகின்றனர். இறுதியில் நியூ ஓர்லியன்ஸ் நகரில், பாடசாலைக்குச் செல்லும் ஒரு கறுப்பினச் சிறுமியைத் தாய்மார் கூட்டமாக நின்று வசைபாடுவதையும், அதனைக் காண மக்கள் திரள்வதையும் அவர் காண்கிறார். அதுவரை வேடிக்கை பார்த்த கண் அந்த இடத்தில் வேடிக்கை பார்க்க மறுக்கிறது. நூலின் பெறுமதி அம்மறுப்பிலே தங்கியுள்ளது. வில்லியம் லீஸ்ட் ஹீற்மூன் 1978இல் வேலையையும் மணவாழ்வையும் இழந்த நிலையில், பழைய வரைபடங்களில் நீலக்கோடாகக் குறிக்கப்பட்ட சிறு வீதிகளை மட்டும் பின்பற்றிச் சென்று 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். உணவுக்கடையின் தரத்தை அதன் சுவரில் தொங்கும் கலண்டர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கும் அவருடைய முறை நகைப்புக்குரியதே. ஆயினும் ஊரவர் வழமையாகக் கூடும் கடை எது என்பதை அறிய அதனினும் எளிய வழி இல்லை. கோணங்கித்தனம் இங்கு அறிவுக்கான கருவியாகிறது.

நின்று நின்று செல்லும் இச்சுதந்திரம் அந்நாட்டில் எல்லாருக்கும் உரியதாய் இருக்கவில்லை என்பதும் மறக்கற்பாலதன்று. 1936 முதல் 1960களின் நடுப்பகுதி வரை, விக்ரர் கிறீன் என்னும் நியூயோர்க் தபாற்காரர் தொடங்கிய ஒரு வழிகாட்டி நூல் கறுப்பினப் பயணிகளுக்காக வெளிவந்தது. எந்த ஊரில் எந்த விடுதி அவர்களை ஏற்கும், எங்கு உணவு கிடைக்கும், எங்கு காரைத் திருத்தலாம் என்னும் விவரங்களின் தொகுப்பு அது. வழியறிந்தவன் வழியறியாதவனுக்கு, இன்ன இடத்துக்குச் செல், அங்கு உன்னை ஏற்பர் என்று கூறும் இம்முறை தமிழ் மாணவருக்குப் புதியதன்று. அதன் பழம்பெயர் ஆற்றுப்படை.

பத்துப்பாட்டில் ஆற்றுப்படை என எண்ணப்படும் ஐந்தனுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும் பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்படும் வறிய கலைஞனை வள்ளலிடம் வழிப்படுத்துவன. அவை அரசனைப் புகழ்வன என்பதே பொதுவாக வற்புறுத்தப்படுகிறது. சாலை இலக்கியம் என்ற வகையில் அவற்றை நோக்கினோர் குறைவு. மலைபடுகடாம் பன்றிக்கு வைத்த பொறிகளையும் பாம்புறையும் இடங்களையும் வழுக்கும் பாறைகளையும், தினைப்புனம் காப்போர் கவணில் எறியும் கற்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்து எச்சரிக்கிறது. பெரும்பாணாற்றுப்படை நிலந்தோறும் வாழும் மக்களையும், அவர்கள் தரும் உணவின் வேறுபாட்டையும் கூறிச் செல்கிறது. எயினர் குடியில் உடும்பின் இறைச்சியும் விருந்தாக வருகிறது. சிறுபாணாற்றுப்படையிலே பாணனின் அடுக்களையில் நாய் குட்டி போட்டுக் கிடக்கிறது. உப்பின்றி வேகவைத்த கீரையைப் பிறர் காணாதவாறு கதவடைத்து உண்கின்றனர். பொருநராற்றுப்படையில் வரும் பொருநனோ இரவு பகலாக ஊன் தின்று தன் பற்கள் கொல்லை உழுத கொழுப்போலத் தேய்ந்துவிட்டன என்கிறான்.

இங்கு இரு பண்புகள் நோக்கத்தக்கன. ஒன்று, பயணி தன்னையே நகைப்புக்கு உரியவனாக்கிக்கொள்கிறான். பசியும் பேருண்டியும் அவன் உடம்பிலேயே எழுதப்படுகின்றன. மற்றது, அவன் கூறுவன அனைத்தும் பின்னால் வரப்போகும் ஒருவனுக்காகக் கூறப்படுகின்றன. கண்ட விநோதம் கேட்பவனுக்குப் பயன்படும் செய்தியாக மாறுகிறது. பெருமை பேசுதற்கு அங்கு இடமே இல்லை. பேசுபவனும் நேற்றுவரை இரந்தவன் என்பதைக் கேட்பவன் அறிவான். விநோத அனுபவங்களை எழுதும் எந்தப் பயணிக்கும் உரிய அளவுகோல் தமிழ் மரபிலேயே இவ்வாறு கிடைக்கிறது.

இவ்வளவுகோலை முதலிற் பிரயோகிக்க வேண்டியது தமிழரைக் காணவந்த அமெரிக்கரின்மீதாகும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1816இல் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய ஊர்களில் அவர்களுடைய நிலையங்கள் அமைந்தன. இவற்றினிடையே சண்டிலிப்பாய் இருக்கிறது. மானிப்பாயிலிருந்து சங்கானை நோக்கிச் செல்லும் வீதி அதனூடாகச் செல்கிறது. மிஷனரிமார் போஸ்ரனுக்கு எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புக்களும் மிஷனின் இதழில் அச்சாகி அமெரிக்கக் குடும்பங்களால் வாசிக்கப்பட்டன. கோயில் திருவிழாக்களும் தேரும் சாதி வழக்கங்களும் அங்கு இரக்கத்துக்கும் வியப்புக்கும் உரிய காட்சிகளாயின. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் சண்டிலிப்பாயிலுள்ள கல்வளைப் பிள்ளையார்மீது யமக அந்தாதி பாடிவிட்டார். ஒரே சொற்றொடர் அடிதோறும் வேறு வேறு பொருள் தந்து வரும் கடினமான யாப்பு அது. அத்தகைய நுண்மையை நுகரும் செவிகள் வாழ்ந்த வட்டாரத்தையே கடிதங்கள் பல இருளில் மூழ்கிய நிலமாகக் கண்டன. கேள்வி கேளாத கண்ணுக்கு அந்தாதி தெரியாது; தேர் மட்டுமே தெரியும்.

ஆனால் அவர்களுள்ளும் கேட்கக் கற்றவர் உண்டு. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். பின்னர் கற்பிக்கும் மொழியையே தமிழாக மாற்றினார். மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தாமும் தம் மாணவருமாகத் தமிழாக்கினார். ‘இரணவைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. மதம் பரப்பும் நோக்கம் அவரிடமும் இருந்தது. எனினும் ஒரு நிலத்தின் மொழியில் உடம்பின் உறுப்புக்களுக்குப் பெயர் தேடி அமர்ந்தவனுக்கு அந்நிலத்து மக்கள் காட்சிப் பொருளாக நீடிக்க முடியாது. விநோதத்தைக் கடக்கும் வழிகளுள் மொழியைக் கற்றல் தலையாயது என்பதற்கு அவர் சான்று.

எதிர்த்திசையிற் சென்ற தமிழரின் எழுத்தையும் இதே அளவுகோலால் அளத்தல் முறை. ஏ. கே. செட்டியார் தமிழ்ப் பயண இலக்கியத்துக்கு ஒரு நடையைத் தந்தவர். சிறு வாக்கியங்களும், எதிர்ப்பட்ட சாதாரண மனிதரின் சொற்களும், தம்மைப் பின்தள்ளி நிற்கும் அடக்கமும் அவருடைய பலம். விநோதத்தை அவர் அதட்டிக் காட்டுவதில்லை, சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ‘அமெரிக்காவைப் பார்’ எழுதிய சோமலெயின் வழி வேறு. தகவல்களைத் திரட்டி அடுக்கும் அவருடைய முயற்சி ஒரு தலைமுறைக்கு உலக அறிவை ஊட்டியது. விடுதலை பெற்ற நாடு முன்னேறிய நாட்டிடம் எதைக் கற்கலாம் என்பதே அக்காலத்தின் கேள்வியாகையால், அணைக்கட்டும் ஆலையும் முன்னே நின்றன. கயிற்று உருண்டையிலிருந்து ஒரு நாடு கற்பதற்கு ஒன்றுமில்லை. விநோதம் விடுபட்டமைக்கு இந்த வரலாற்றுக் காரணத்தை ஒப்புக்கொள்ளாமல் அவர்களைக் குறைகூறுதல் நேர்மையாகாது.

மாற்றம் அசோகமித்திரனின் ‘ஒற்றன்!’ (1985) நூலோடு வருகிறது. அயோவாப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தில் அவர் 1973 - 74 காலப்பகுதியிற் பங்குபற்றினார். சோளக்கொல்லைகளின் நடுவேயுள்ள அச்சிறு நகரில் பல நாட்டு எழுத்தாளர் ஒரே கட்டடத்தில் தங்கியிருந்தனர். எதியோப்பிய எழுத்தாளரின் கொந்தளிப்பும், எழுதப்போகும் நாவலுக்குப் பெரிய வரைபடமே தயாரித்து வைத்திருக்கும் பெரு நாட்டு எழுத்தாளரும், குளிரும் கடைத்தெருவும் அந்நூலின் பொருள்கள். அமெரிக்காவின் பெருமைகள் எவையும் அங்கு வருவதில்லை. எல்லாரும் எல்லாருக்கும் விநோதமாய் இருக்கும் ஓரிடத்தில், கதைசொல்லி தானும் ஒரு விநோதப் பிராணி என்பதை ஓயாது உணர்ந்துகொண்டிருக்கிறான். சிறுபாணனின் கதவடைத்த அடுக்களைக்கும் அயோவாவின் அறைக்கும் இடையே உறவு உண்டு எனின் அது மிகையாகாது. தன் இல்லாமையை மறைக்க முயன்று, மறைக்க முயன்றதையும் சொல்லிவிடும் நேர்மையே அவ்வுறவு.

கொக்குவிலிற் பிறந்து, ஆபிரிக்கா, பாகிஸ்தான் முதலிய இடங்களிற் பணியாற்றிக் கனடாவில் வாழும் அ. முத்துலிங்கம் விநோதத்தை ஈழத்து உரைநடையின் ஒரு முக்கிய பண்பாகவே ஆக்கிவிட்டார். எதிர்பாராத உவமையும் முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்லும் நகைச்சுவையும் அவருக்கு இயல்பாக வருவன. சில கட்டுரைகளில் விநோதம் முத்தாய்ப்புக்கு மட்டும் பயன்பட்டு, கேள்வி எழுமுன்னரே சிரிப்பில் முடிந்துவிடுவதும் உண்டு. ஆனால் ‘அமெரிக்கக்காரி’ போன்ற கதைகளில் அவர் வேறு ஆழத்தைத் தொடுகிறார். அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற இலங்கைப் பெண்ணை முன்னிறுத்தி, யார் எந்த மண்ணுக்கு உரியவர் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்று அக்கதை கேட்கிறது. அங்கு பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் இடம் மாறிக்கொள்கின்றனர்.

இவ்வாராய்ச்சி இலக்கிய இரசனையோடு நின்றுவிடுவதன்று. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு, செம்மணி, நாவற்குழி வழியே தென்மராட்சி நோக்கி நடந்தனர். சண்டிலிப்பாயும் வலிகாமத்து ஊரே. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி போர்க்காலத்தில் நெடுங்காலம் மூடிக்கிடந்து, 2002இல் திறக்கப்பட்டு, 2006இல் மீண்டும் மூடப்பட்டு, 2009இலேயே மறுபடி திறந்தது. இடைக்காலத்திற் கிளாலிக் கடனீரேரியைப் படகில் இரவிற் கடந்தவர் பலர். ஒரு தலைமுறைக்கு வீதி என்பது ஓடித் தப்பும் வழியாகவும் சோதனைச் சாவடியாகவுமே இருந்தது. காரணமின்றிப் புறப்பட்டு, விரும்பிய இடத்தில் நின்று, கயிற்று உருண்டையைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை எத்துணை அரியது என்பதை அத்தலைமுறை போல் அறிந்தவர் சிலரே. அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்று ரொறன்ரோவிலிருந்து எல்லை கடந்து அமெரிக்கச் சாலைகளிற் கார் ஓட்டிச் செல்கின்றனர். அவ்வனுபவங்கள் ஊர்ச்சங்க மலர்களிலும் பழைய மாணவர் மலர்களிலும் கட்டுரைகளாக வருகின்றன.

அவற்றிற் பெரும்பாலானவை கடந்த மைல்களையும் தங்கிய ஹொட்டேல்களையும் கூறி முடிவன. வந்த இடத்தின் பெருமை, வந்தவரின் வசதி ஆகிய இரண்டுமே அங்கு பொருளாகின்றன. எல்லையில் நீண்டநேரம் விசாரிக்கப்பட்டதும், சிற்றூர் உணவுக்கடையில் எல்லாத் தலைகளும் திரும்பியதும், பெயரை உச்சரிக்க முடியாமல் விடுதிக்காரர் திணறியதும், அவர் ஊர் எங்கே என்று கேட்டபோது சொல்லத் தெரியாமல் நின்றதும் வாய்மொழியாகப் பேசப்படுகின்றனவேயன்றி எழுத்தில் வருவதில்லை. அவை கௌரவக் குறைவு என்று கருதப்படுகின்றன போலும். ஆற்றுப்படைப் பாணனுக்கு இக்கூச்சம் இருந்திருப்பின் அவனுடைய அடுக்களையை இரண்டாயிரம் ஆண்டுகளின் பின் எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். பின்னே வரும் தமிழ்ப் பயணிக்கும் அமெரிக்காவின் நீள அகலங்கள் வரைபடத்தில் உண்டு. எந்த இடத்தில் எவ்வாறு பார்க்கப்படுவான், யார் அவனை ஏற்பர் என்பதை முன்சென்றவன் ஒருவனே சொல்ல முடியும். தான் கண்டவற்றோடு தான் காணப்பட்டதையும் எழுதுபவனே அவ்வழிகாட்டி. அமெரிக்கச் சாலையின் தமிழிலக்கியம் எழுமாயின் அத்தகையோரிடமிருந்தே எழும்.

அவ்வாறு எழுதப் புகுவோருக்கு ஓரிடம் எடுத்துக்காட்டாகும். மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரின் கல்லறைத் தோட்டத்தில் 1884இல் இறந்த கிறீனின் கல்லறை உள்ளது. தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்னும் பொருள்பட அக்கல்லில் எழுதுமாறு அவரே கேட்டிருந்தார், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது. அமெரிக்க வழிப்போக்கன் ஒருவனுக்கு, யாரிந்தத் தமிழர் என்று நின்று வினவவேண்டிய விநோதமான கல் அது. சண்டிலிப்பாயிலிருந்து செல்பவனுக்கோ அதில் விநோதம் சிறிதும் இல்லை. அது அயலூர் மருத்துவரின் கல்லறை. ஒரே கல்லின் முன் அவ்விருவரும் நிற்கும் கணத்தை எழுதவல்ல பயணியைத் தமிழ் இன்னும் எதிர்பார்த்திருக்கிறது.